அறுபத்தைந்து மீற்றர்

மருத மரம் நின்ற முனை மருதமுனை. மருது சாய்ந்து நின்ற இடம் சாய்ந்தமருது. ஊரில் பெரியவர்களிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். மரம், குளம், மேடு, வட்டை எண்டு எங்கட பக்கத்துப் பெயர்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவை. ஆனால் மருதமுனையில் மேட்டுவட்டைப் பக்கம் போனால் ஒரு குடியிருப்பின் பெயர் ‘65 மீற்றர்’.

“அறுபத்தஞ்சு மீற்றர் வீட்டுத்திட்டம்” எண்டால் ஊரில் விளக்கம் தேவையில்லை. பேப்பர்க்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு வைத்திருந்து, சுனாமியில் அதை இழந்து, திரும்ப அந்த இடத்தில் கட்டக்கூடாது எண்டு சொல்லப்பட்ட சனத்துக்காக எழும்பிய வீடுகள். ஒரு பைலுக்குள் இருந்த இலக்கம் ஒரு ஊரின் பெயராகிவிட்டது. அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது எண்டு தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

அரசாங்க ஒபீஸைத் திட்டாத ஆள் இலங்கையில் கிடையாது. “ஐயா மீட்டிங்ல, திங்கக்கிழம வாங்க”, “இந்த போர்ம் இல்ல, மற்ற போர்ம்”, “ஜீ.எஸ்.ட கடிதம் எங்க?” இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொதுவான எரிச்சல். 2005ஆம் ஆண்டு கல்முனைக் கரையில் நடந்ததையும் அந்தப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட எனக்கு மனமில்லை. எங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள். அலையைப் பற்றிக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அலைக்குப் பிறகு வந்த ஒரு வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் கோர்வையாகச் சொன்னதில்லை. “அதுக்குப் பொறகு அலைஞ்ச அலைச்சல்” எண்டு ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அம்பாறை மாவட்டத்தவர்கள். நாட்டில் வேறு எந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. ‘அம்பாறை மாவட்டம்’ எண்டு கணக்கில் வந்தாலும், அம்பாறை நகரத்துக்குக் கடலே கிடையாது. அழிந்தது பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்குமான கரை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எண்டு முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் அந்த ஒற்றைக் கோடு.

அந்தக் கோட்டின் அகலத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததை விளங்க முடியாது. கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவில் ஒரு பிரதான வீதி, அதன் இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி வீடுகள். சில இடங்களில் கடற்கரையில் நின்று நடக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் வயல் வரம்பு வந்துவிடும். சாய்ந்தமருது ஒரு சில சதுரக் கிலோமீற்றர் பரப்புத்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே இருபத்தையாயிரம் பேரளவில் இருந்தார்கள். மதில் ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம், மற்ற வீட்டுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குசினி. இப்படியான ஒரு கரையில்தான் கொழும்பிலிருந்து ஒரு அளவுகோல் வந்து இறங்கியது.

2005 ஜனவரியில் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் கரையோரத்தில் கட்டடம் கட்டத் தடை எண்டு அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஊரில் இதற்கு ‘பபர் சோன்’ எண்டு பெயர். முதல் கோபம் இங்கேயே தொடங்கியது. மாத்தறைக்கு நூறு, கல்முனைக்கு இருநூறா? கிழக்கில் அலை உயரமாகவும் உக்கிரமாகவும் வந்தது எண்டு காரணம் சொன்னார்கள். அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் நிலம் குறைவான இடத்துக்கு இரண்டு மடங்கு தூரத்தைப் போட்டால் சனம் எங்கே போகும் எண்ட கேள்விக்கு அந்த அறிவித்தலில் பதில் இருக்கவில்லை. அந்த நேரம் யுத்த நிறுத்தம் இருந்தது. வடக்கு கிழக்குச் சனம் எந்த அரசாங்க அறிவித்தலையும் சந்தேகத்தோடு பார்த்த காலம். 200 எண்ட இலக்கம் கடலை மட்டும் அளந்ததாக யாரும் நம்பவில்லை.

இன்னொரு விசயமும் இருக்கிறது. இந்த 100 – 200 பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாக வரவில்லை. கொள்கை எண்டு வந்தது, அறிவித்தல் எண்டு வந்தது. புனரமைப்புக்காக ‘டாஃப்ரன்’ எண்ட செயலணியை உருவாக்கினார்கள். அதில் வர்த்தகத்துறை ஆக்களும் சுற்றுலாத்துறை ஆக்களும்தான் முன்னுக்கு நின்றார்கள். கரைவலை இழுக்கிறவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சட்டமாக வந்திருந்தால் அதன் பிரிவைக் காட்டி வாதாடலாம். அறிவித்தலோடு எப்படி வாதாடுகிறது? ஜீ.எஸ். “மேல இருந்து வந்த ஓடர்” எண்டார். பிரதேச செயலகம் கச்சேரியைக் காட்டியது. கச்சேரி கொழும்பைக் காட்டியது.

கரையோரத்துக்கு ஏற்கனவே ஒரு சட்டம் இருந்தது எண்டதையும் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்குமான நிலத்தைக் ‘கரையோர வலயம்’ எண்டு வரையறுத்து, அங்கே நடக்கிற அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி எடுக்கச் சொல்கிறது. மண் அள்ளுவதையும் முருகைக்கல் உடைப்பதையும் கட்டுப்படுத்தி, கடலரிப்பைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான் அது. இடத்துக்கு இடம் கரையின் தன்மையைப் பார்த்து விலகல் தூரத்தை மாற்றிப்போட்ட ஒரு திட்டமும் அதன் கீழ் 1997இல் வந்திருந்தது. அப்படி நிதானமாக யோசித்த ஒரு ஏற்பாடு கையில் இருந்தபோதே அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாட்டுக்கே இரண்டு வட்டமான இலக்கங்களைப் போட்டார்கள்.

சரி, கடலை விட்டு விலகிப் போகச் சொன்னால் மேற்கேதானே போக வேண்டும்? மேற்கே வயல். வயலை நிரப்பி வீடு கட்டக்கூடாது எண்டு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. நெற்காணியை வேறு தேவைக்கு மாற்றக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இந்தச் சட்டத்திலும் நியாயம் உண்டு. வட்டையை எல்லாம் மூடிவிட்டால் சோற்றுக்கும் வழியில்லை, வெள்ளம் வடியவும் வழியில்லை. ஆக, கிழக்கே ஒரு திணைக்களம், மேற்கே ஒரு திணைக்களம். இரண்டும் தங்கள் தங்கள் பக்கத்தில் சரியாகத்தான் பேசின. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு அகலம் மிஞ்சுகிறது எண்டு அளந்து பார்த்த ஒபீஸ் எது எண்டு நானும் தேடிப் பார்க்கிறேன்.

வீடு இழந்தவர்களை இந்தக் கோடு இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்கு வெளியே இருந்தவருக்குக் காசு. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமான வீட்டுக்கு 100,000 ரூபா. தவணை தவணையாக வரும். முதல் தவணையில் அத்திவாரம் போட்டதைக் காட்டினால்தான் அடுத்த தவணை. நாற்பது வீதத்துக்கு மேல் சேதமானால் முழுச் சேதம், குறைந்தால் பகுதிச் சேதம். 39க்கும் 41க்கும் இடையில் ஒன்றரை லட்சம் ரூபா வித்தியாசம். அதைத் தீர்மானித்தது ஒரு அதிகாரியின் கண்பார்வை.

கோட்டுக்கு உள்ளே இருந்தவருக்குக் காசு கிடையாது. அரசாங்கம் காணி தரும், வெளிநாட்டு நிறுவனம் வீடு கட்டித் தரும், அதுவரைக்கும் இருங்கள் எண்டார்கள். முதலில் கூடாரத்தில் இருந்தார்கள், பிறகு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். கிழமைக்கு ஆளுக்கு 375 ரூபா நிவாரணம், அதில் 200 காசு, மிச்சம் 175க்குச் சாமான். சுவர் நின்ற வீடுகள் பல இருந்தன. கூரையைப் போட்டுக் கதவை மாட்டினால் குடியிருக்கலாம். ஆனால் கோட்டுக்குள்ளே கை வைத்தால் பிறகு வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வராமல் போய்விடுமோ எண்ட பயம். தன் வீட்டைத் தானே திருத்தப் பயந்துகொண்டு ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்த சனத்தை யோசித்துப் பாருங்கள். அலை எடுத்தது ஒரு காலை. இது ஒரு வருடம்.

இதே நேரம் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. கரையில் ஏற்கனவே இருந்த ஹோட்டல்கள் திருத்திக்கொண்டு திரும்பத் திறக்கலாம். எங்கட மாவட்டத்திலேயே அறுகம்பைக்குச் சுற்றுலாவை மையமாக வைத்து ஒரு பெரிய திட்டத்தை 2005 ஏப்ரலில் போட்டார்கள். அங்கத்தைய மீனவர்களும் சின்ன விடுதிக்காரர்களும் எதிர்த்தார்கள். அலை மீனவனின் வாடிக்கும் ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கும் வித்தியாசம் பார்க்குமா எண்டு அப்போது கேட்ட கேள்விக்கு இன்றுவரைக்கும் உத்தியோகபூர்வமான பதிலை நான் எங்கும் வாசித்ததில்லை.

அலைச்சல் எண்டால் உண்மையாகவே அலைச்சல். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து 1961இல் அம்பாறை மாவட்டத்தை உருவாக்கினார்கள். கச்சேரி அம்பாறை நகரத்துக்குப் போனது. கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டி, முப்பது கிலோமீற்றருக்குக் கிட்டப் போக வேண்டும். அதற்கு முன் வன்னியனார் காலத்திலும் சனம் அதிகாரத்துக்கு முன்னால் கைகட்டித்தான் நின்றது, அதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆனால் வன்னியனாருக்கு ஊரின் பாசை தெரியும். 1956இல் சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் எந்த மொழி எங்கே எண்டு விரிவாக எழுதியது. எழுதினதும் நடக்கிறதும் வேறு எண்டு சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்து, அதைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் போன எந்த வீட்டுக்கும் தெரியும். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் எண்ட கோரிக்கைக்குப் பின்னால் அரசியல் கணக்கு எவ்வளவோ உண்டு. பஸ் டிக்கட்டும் அதில் ஒரு பங்கு.

போனால் என்ன கேட்பார்கள்? அடையாள அட்டை. கடல் கொண்டுபோய்விட்டது. பிறப்புச் சான்றிதழ். கடல் கொண்டுபோய்விட்டது. காணி உறுதி. பலருக்கு அது முதலிலேயே இருக்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தில் வெள்ளைக்காரன், உரித்தைக் காட்ட முடியாத தரிசு நிலமும் காடும் முடிக்குச் சொந்தம் எண்டு எழுதிவைத்தான். கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேவைப்பட்ட காலம். அந்தத் தர்க்கம் கோப்பியோடு அழியவில்லை. உறுதி இல்லாத கடற்கரைக் காணியெல்லாம் அரச காணி, அங்கே நாலு தலைமுறை இருந்தவனும் ‘அத்துமீறிக் குடியிருப்பவன்’. கடலோரத்தில் வாடி போட்டு, வாடி வீடாகி, வீடு தெருவான எந்த ஊரிலும் இந்தச் சொல் எந்த நேரமும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சுனாமி வந்தபோது அது இறங்கியது.

ஆனால் என்னைக் கேட்டால் ஆகப் பெரிய பிழை அந்த போர்மில் இருந்த ஒரு சின்னக் கட்டம். ‘குடும்பத் தலைவர்’ எண்ட கட்டம்.

கல்முனைப் பக்கத்தில் வீடு பொம்பளையுடையது. இதை வெளியூர் ஆக்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வேறு ஊரில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ எண்டால் கேலி. இங்கே எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதே வளவுக்குள் பின்னுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு அதை இளையவளுக்குக் கொடுப்பார்கள். ஒரு வளவுக்குள் உம்மா, சாச்சி, பெரியம்மா, மூத்தம்மா எண்டு பெண்வழியில் ஒரு ஊரே இருக்கும். முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்தக் கரையின் தமிழர்களும் இப்படித்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எழுபதுகளிலிருந்து அக்கரைப்பற்றில் வந்து இருந்து படித்து எழுதியதில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். இந்த முறைக்கு உள்ளே இருக்கிற கொடுமையும் எங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே வெளிநாடு போய்ப் பாதி ஆயுசைத் தொலைத்த வாப்பாமார் எத்தனை பேர். சீதனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கல்யாணம் முறிந்தாலும் பெண் தன் வீட்டில் இருப்பாள், வெளிக்கிட்டுப் போகிறது ஆம்பிளைதான். அது சின்ன விசயமில்லை.

அந்த போர்மைத் தயாரித்தவருக்கு இந்த ஊர் தெரியாது. குடும்பத் தலைவர் எண்டால் புருசன். புருசனின் பேரில் பட்டியல், புருசனின் பேரில் வங்கிக் கணக்கு, புருசனின் பேரில் புது வீடு. இலங்கைச் சட்டம் எதிலும் குடும்பத்துக்கு ஆம்பிளைதான் தலைவர் எண்டு பொதுவாக எழுதி வைத்ததில்லை. ஒபீஸ் பழக்கம் அது. மீள்குடியேற்றக் காணி அரச காணி எண்டபடியால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாசனையும் சேர்ந்துகொண்டது. அதன் வாரிசு அட்டவணையில் அப்போது மகளுக்கு முன் மகன் இருந்தான். புருசன் பெண்சாதி இருவர் பேரிலும் எழுதுங்கள் எண்டு மட்டக்களப்பிலும் வேறு இடங்களிலும் பெண்கள் அமைப்புகள் கேட்டன. அரச காணியைக் கூட்டாக எழுத முறையில்லை எண்டு பதில் வந்தது. உம்மாவின் உம்மாவிடமிருந்து வந்த வீட்டைக் கடல் எடுத்தது, அதன் உரிமையை ஒரு கட்டம் எடுத்தது. கடலுக்குக் குறைந்தபட்சம் தெரியாமல் செய்தது எண்ட சாட்டு இருக்கிறது.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். ‘ஒரு வீட்டுக்கு ஒரு வீடு’ எண்டது கொள்கை. கேட்க நல்லா இருக்கும். ஒரு கூரைக்குக் கீழ் உம்மா வாப்பாவும், கல்யாணம் முடித்த மகளும் மருமகனும், அடுத்து வீடு கொடுக்க வேண்டிய இரண்டு குமரும் இருந்தால் அது ஒன்றா, இரண்டா, நாலா? “உங்கட வளவுக்குள்ள எத்தின அடுப்பு?” எண்டு கேட்டிருந்தாலாவது ஓரளவு சரி வந்திருக்கும்.

ஒபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் எண்டு எழுதினால் அது பொய். ஜீ.எஸ்.மாரும் கிளார்க்மாரும் அதே கரையின் ஆக்கள், அவர்களும் சுனாமியில் அகப்பட்டவர்கள்தான். அரசு நினைத்தால் வளைந்து கொடுக்கவும் முடிந்தது. சாதாரணமாக ஒரு ஆள் காணாமல் போனால் மரணித்தவராகக் கருதச் சட்டம் சொல்கிற காலம் வரைக்கும் பார்த்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு, உடல் கிடைக்காதவர்களின் மரணத்தையும் பதிய வழிசெய்தது. மரணத்தைப் பதிய விதியை இளக்கியவர்கள் வீட்டைக் கட்டவும் இளக்கியிருக்கலாம் எண்டுதான் நான் நினைக்கிறேன்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அச்சேயில் இந்தோனேசிய அதிகாரிகள் முதலில் சொன்னது இரண்டு கிலோமீற்றர். சனம் கேட்கவில்லை. இடிந்த இடத்திலேயே கொடியை நட்டு, கொட்டிலைப் போட்டுத் திரும்பி வந்தார்கள். சில மாதங்களுக்குள்ளேயே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2005 மார்ச் 30 அன்று வந்த 172ஆம் இலக்க அரசாணையிலும் இதே 200 மீற்றர்தான் இருந்தது. அங்கே கரையிலேயே இருக்க விரும்பினால் இரு, உன் செலவில் திருத்திக்கொள், அரசு வீடு வேண்டுமெண்டால் உள்ளே வா எண்டு ஒரு தெரிவாவது கொடுத்தார்கள். காசில்லாதவனுக்கு அது தெரிவே இல்லை எண்டு நாகப்பட்டினத்து மீனவர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் எங்கட ஆக்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

2005 ஜூன் 24இல் அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பு ஒன்றில் கையெழுத்து வைத்தார்கள். அதிலும் ஒரு கோடு, கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர். அந்தக் கோட்டுக்குள் ஆகக் கூடுதலாக அழிந்த சமூகங்களில் ஒன்றான முஸ்லிம்களின் கையெழுத்து அதில் இல்லை. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. எங்களைப் பற்றிப் பேசிய மேசையில் எங்களுக்குக் கதிரை இல்லை எண்ட கசப்பு மட்டும் ஊரில் மிஞ்சியது.

அந்த வருட ஒக்டோபரில் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. டாஃப்ரன் போய் ‘ராடா’ வந்தது. ஒரு வருடம் முடிகிற நேரத்தில் 100 – 200 போய், பழைய கரையோரத் திட்டத்தில் இருந்த விலகல் தூரங்களுக்கே திரும்பினார்கள். முதலிலேயே இருந்த அதே தூரங்கள். எங்கட பக்கத்தில் 65 எண்ட இலக்கம் சனத்தின் வாயில் நின்றது அப்படித்தான்.

200 பிழை எண்டு யாரும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. 65க்கும் 200க்கும் இடையில் இருந்தவர்கள் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாற வேண்டும் எண்டு மட்டும் சொன்னார்கள். வீடு வரும் எண்டு ஒரு வருடம் பார்த்திருந்தவர் இப்போது காசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். திரும்ப போர்ம், திரும்ப ஜீ.எஸ்.ட கடிதம். இதற்கிடையில் சீமெந்து, கம்பி, மேசன் கூலி எல்லாம் ஏறிவிட்டது. 250,000 ரூபாவுக்கு வீடு எழும்பாது. 2006இல் கிழக்கில் திரும்ப யுத்தம் மூண்டது, நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

கட்டி முடித்த வீட்டுக்கும் விமோசனம் இல்லை எண்டதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலைதான் அத்தாட்சி. சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள். பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, சந்தைக் கட்டடம் எல்லாம் சேர்த்து ஒரு முழு ஊர். பேரியல் அஷ்ரப் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்து வேலை. சுனாமியில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுப்பதை எதிர்த்து, தீகவாபியைக் காரணம் காட்டி வழக்குப் போட்டார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. அரச காணியை யாருக்கு, எந்த விகிதத்தில் கொடுக்கலாம் எண்ட கேள்வி அற்பமானது எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் ஒரு பட்டியலைச் செய்து, யாருக்காவது, எந்த இனத்தவருக்காவது, சாவியைக் கொடுத்திருக்கலாம். ஜனாதிபதிகள் மாறினார்கள், அமைச்சர்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அலை வந்து இருபது வருடம் நிறைந்தபோதும் அந்த வீடுகளில் குடியேற்றம் நடந்திருக்கவில்லை. சுவரைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருதமுனை 65 மீற்றரிலும் கட்டிய வீடுகளைக் கையளிக்காமல் இழுத்தடித்த கதை பல வருடம் செய்தியில் வந்தது. பட்டியலில் பெயர் இருந்தவர் யார், இல்லாதவர் யார் எண்ட சண்டையில் அரசியல்வாதிகளுக்கும் நல்ல பங்குண்டு. இதில் ஒபீஸை மட்டும் குற்றம் சொன்னால் அவர்கள் தப்பிவிடுவார்கள்.

கடலுக்குக் கிட்ட இருப்பது ஆபத்து எண்டது மட்டும் உண்மை. அதை மறுத்து எழுதினால் என் மனமே கேட்காது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்குப் பிறகு ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்பைத் தின்றது. மாளிகைக்காட்டில் மையவாடிச் சுவரை அலை உடைத்து, அடக்கிய ஜனாசாக்களே வெளியே தெரிந்த நாட்கள் வந்தன. ஊரில் பலர் துறைமுகத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். 200 மீற்றருக்குள் ஒரு குசினி கட்ட விடாத அதே அரசு, கடலுக்குள்ளேயே கல்லைக் கொட்டி அலையின் திசையை மாற்றியபோது எங்கட கரையை இப்படி மீற்றர் கணக்கில் அளந்து பார்த்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும். 65 மீற்றரை எந்தக் கரையிலிருந்து அளந்தார்களோ, சில இடங்களில் அந்தக் கரையே இப்போது இல்லை.

அந்த வீட்டுத்திட்டங்களில் அப்போது ஐந்து வயது, ஆறு வயதாகப் போய் இறங்கிய பெண் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது தாண்டுகிறது. பின்னுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்க அங்கே வளவு கிடையாது, அளந்து வெட்டிய துண்டுக் காணி. இன்னும் உறுதி கைக்கு வராத குடும்பங்களும் உண்டு. கையில் இருப்பது ஒரு கடிதம், அதில் வாப்பாவின் பெயர். உம்மா கேட்கிறார், “ஜீ.எஸ்.ட்டக் கேட்டா டி.எஸ். ஒபீஸுக்குப் போகச் சொல்றாரு, அங்க போனா கச்சேரிக்கு எழுதிரிக்கி எண்டுறாங்க. நான் இவளுக்கு எதக் காட்டி மாப்பிள பேசுற?”